வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்பது அடி

என் தையல் மெஷினுக்குப் பின்னால், தரையிலிருந்து பரண் வரைக்கும் எழுபத்து நான்கு அங்குலம் இருந்தது. மூன்று தடவை டேப் வைத்து அளந்தேன். மூன்று தடவையும் எழுபத்து நான்குதான். நாற்பத்தேழு வயதில் நான் வாங்கப்போகும் முதல் சர்ஃபிங் போர்டு அந்த இடத்துக்குள் நிற்கவேண்டும். நிறுத்திவிட்டு முன்னால் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டால், துணி தைக்க வருகிற யாருக்கும் அது தெரியாது. அளவைச் சோப்புக் கட்டியால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் அழிந்துபோயிருந்தது. பரவாயில்லை, மனதில் இருந்தது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டின் முன்னறையில் இருபத்தைந்து வருடமாகத் தைக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு வெள்ளை அங்கி. கூச்சம் எனக்குக் கூடவே பிறந்தது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டால் "ஆளிறங்கணும்" என்று கத்த வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். சர்ச்சில் சாட்சி சொல்ல ஆள் கூப்பிடுகிற நேரத்தில் எனக்குத் தவறாமல் தண்ணீர் தாகம் எடுக்கும். கல்யாண வீட்டில் மேடை ஏறிப் போட்டோவுக்கு நின்றதே இல்லை.

அப்படிப்பட்ட எனக்குக் கடல் எப்படி வந்தது என்றால், ஒரு கிழிந்த பை வழியாக வந்தது. கடப்புறத்து, அதாவது கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும், ஆள் நீளத்துக்கு மேல் இருக்கிற ஒரு பையைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஜிப் மாற்றித் தரவேண்டும் என்றாள். இதில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். சர்ஃபிங் போர்டு வைப்பதாகச் சொன்னாள். கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறாளாம். மற்ற நேரத்தில் வீட்டுக் குட்டியானை வண்டியில் மீனுக்கு ஐஸ் ஏற்றி ஓட்டுவாளாம். ஜிப் மாற்றி ஒரு வாரம் ஆகியும் அவள் வரவில்லை. பை இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறிக் கொண்டுபோனேன்.

கரையில் கேட்டதற்குக் கடலைக் காட்டினார்கள். ஒருத்தி தண்ணீர்மேல் நின்றுகொண்டு வந்தாள். ஞாயிறு பள்ளியிலிருந்து தண்ணீர்மேல் நடந்த கதை கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் காலை ஏழரை மணிக்கு, முழங்கால் வரை பேண்ட் போட்ட ஒருத்தி, வாயில் விழுந்த முடியைத் துப்பிக்கொண்டே தண்ணீர்மேல் வருவாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பையைக் கீழே போட்டுவிட்டேன். அவள் வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீச்சல் தெரியுமா?"

"குளத்துல நீந்துவேன்."

"பின்ன என்ன? இதுவும் குளம்தான். கொஞ்சம் ஆட்டம் கூடுதல்."

அன்றைக்கே சுடிதாரோடு பலகைமேல் குப்புறப் படுக்க வைத்துவிட்டாள். ஒரு அலை பின்னாலிருந்து வந்து என்னைத் தூக்கிக் கரைவரை கொண்டுவந்து போட்டது. மணலில் மூக்கு உரச நான் சிரித்த சிரிப்பு என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் எனக்கு டீச்சர்.

பத்து சனிக்கிழமை போனேன். முதல் பஸ்ஸில் போய், ஊர் பல் துலக்கி முடிக்கும் முன் திரும்பிவிடுவேன். கேட்பவர்களிடம் நடைப்பயிற்சி என்பேன். நடைப்பயிற்சிக்குப் போனவள் தலை நனைந்து வருவதைப் பற்றி யாரும் கேட்காதது கர்த்தருடைய கிருபை. விஷயம் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். வாயைத் திறந்தால் கேலி. ஆனால் ரகசியத்தைப் பூட்டி வைக்கத் தெரிந்தவர். "எனக்க பெண்டாட்டி கடல்ல விழுந்து விழுந்து எழும்புகா" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

நான் அதுவரை எழுந்து நிற்கவில்லை. முழங்கால் வரைக்கும் வந்திருந்தேன். முழங்காலில் நிற்க எனக்குச் சர்ச்சிலேயே பழக்கம் உண்டு. அதற்குக் கடல் வேண்டியதில்லை. டிசம்பர் வந்ததும் டீச்சரின் பலகைகள் எல்லாம் வெளியூர்க்காரர்கள் கைக்குப் போய்விட்டன. "அக்கா, சொந்தமா ஒண்ணு வாங்குங்க. ஒரு அலைக்கும் இன்னொரு அலைக்கும் ஒரு வாரம் இடைவெளி விட்டா கால் எப்படிப் படிக்கும்?" என்றாள். கிறிஸ்துமஸ் தையலில் கையில் கொஞ்சம் இருந்தது.

எனக்கு இரண்டு ஆசைகள். ஒரு தடவையாவது அலைமேல் எழுந்து நிற்கவேண்டும். அது ஊரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. அதற்காகத்தான் அந்த எழுபத்து நான்கு அங்குலம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, டீச்சரின் குட்டியானையில் திருவனந்தபுரம் பக்கம் போனோம். அங்கே கடற்கரையில் பழைய போர்டுகள் விற்கும் ஒரு கொட்டகை இருந்தது. வீட்டுக்காரர் கூட வருவதாக இருந்தார். ஆனால் ஒரு வாரமாகக் காய்ச்சல். போன ஞாயிறு சர்ச்சில் வியாதியஸ்தருக்கான ஜெபத்தில் அவர் பெயரையும் வாசித்தார்கள். காய்ச்சல் விட்டிருந்தது, அலுப்புதான் மிச்சம். "சின்னதா பாத்து வாங்கு பிள்ளே. பெருசுன்னா நான்தான் வெளிய கெடக்கணும்" என்று கட்டிலிலிருந்து சொன்னார்.

கொட்டகையில் பதினொரு பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. எனக்கு ஜவுளிக்கடையில் நுழைந்தது போல் இருந்தது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். தாடி வைத்த மலையாளி ஒருவர் வந்து, "சேச்சிக்கு எத்ர கிலோ?" என்று கேட்டார். கத்தரிக்காய் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் கேட்டது என் எடையை. டீச்சரின் காதில் மெதுவாகச் சொன்னேன்.

"அறுபத்தெட்டு!" என்று அவள் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

நான் பலகைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். வெள்ளை நிறம். ஓரத்தில் நீலப் பூக்கொடி. கைக்கு அடக்கமாக, அக்குளில் குடைபோல இடுக்கிக்கொள்ளலாம் போல. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தேன். எழுபத்திரண்டு அங்குலம்! இரண்டு அங்குலம் மிச்சம்கூட இருக்கிறது. என் இதயம் தையல் மெஷின் போல் ஓடியது.

"டீச்சரே, இது போதும்."

"அது பழகினவங்களுக்குள்ளது அக்கா. உங்களுக்கு ஒம்பதடி வேணும்." அவள் மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டினாள். மஞ்சள். மஞ்சள் என்றால் பூசணிப்பூ மஞ்சள். படகு போல நீண்டு, மேலே மெத்தைபோல ஸ்பாஞ்சு ஒட்டிக் கிடந்தது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற மாட்டுக்கும் தெரியும்.

"இது வீட்டுல நிக்காது மக்கா. எழுபத்து நாலுதான் இடம்."

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க ஜாக்கெட்டு தைக்கும்போ ஆளுக்கு அளவு எடுப்பியளா, அலமாரிக்கு அளவு எடுப்பியளா?"

இருபத்தைந்து வருடமாக நான் மற்றவர்களிடம் சொல்கிற பேச்சு அது. பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொண்டுவருகிறவர்களிடம், "ஆளைக் கொண்டுவாங்க, நான் ஆளுக்குத்தான் தைப்பேன்" என்று விரட்டுகிறவள் நான். ஊருக்குள் நான் குரலை உயர்த்துவது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

தாடிக்காரர் இரண்டையும் கடலில் இறக்கிப் பார்க்கச் சொன்னார். முதலில் வெள்ளை. அதன்மேல் படுத்தேன். படுத்தேன் என்று நான் நினைத்தேன். பலகை எனக்குக் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் பூக்கொடி போட்ட ஒன்று என் வயிற்றை அமுக்கிக்கொண்டு தண்ணீருக்கடியில் தத்தளித்தது. அலை வந்தது. நான் ஒரு திசையிலும் பலகை ஒரு திசையிலுமாகக் கரை சேர்ந்தோம். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் கேரளத்துக் கடல் வந்தது.

பிறகு மஞ்சள். அது எண்பது லிட்டர் என்றார் தாடிக்காரர். பலகைக்கு எதற்கு லிட்டர் என்று புரியவில்லை. "அவ்வளவு தண்ணியைத் தள்ளிட்டு மெதக்கும் அக்கா. வீட்டுல வாங்குத தண்ணிக் கேன் இருபது லிட்டர்தானே? காலிக் கேன் நாலைக் கட்டி அதுக்கு மேல படுத்தா எப்படி இருக்கும்?" என்றாள் டீச்சர். அப்படித்தான் இருந்தது. பலகை அசையவில்லை. கட்டிலில் ஏறுவதுபோல் ஏறினேன். அலை வந்து தூக்கியபோது முழங்காலில் எழுந்தேன். கைகளை விட்டுப் பார்த்தேன். விழவில்லை! கரைவரை, கை இரண்டையும் விரித்து, முழங்காலில், வாயைப் பிளந்துகொண்டு வந்தேன். இறங்கி ஓடிப்போய் மறுபடி வந்தேன். நான்காவது தடவை தாடிக்காரர் கடிகாரத்தைக் காட்டினார்.

டீச்சர் மஞ்சளை மணலில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாள். கட்டைவிரலால் விளிம்பு முழுக்க அமுக்கிக்கொண்டு போனாள். பலாப்பழம் தட்டுவதுபோல் தட்டினாள். பிறகு மூக்கை வைத்து மோந்தாள். "உள்ள தண்ணி குடிச்சிருந்தா ஊளை நாத்தம் அடிக்கும். இது நல்ல பிள்ளை" என்றாள். அடியில் இருந்த மூன்று துடுப்புகளையும் ஆட்டிப் பார்த்தாள். காலில் கட்டுகிற கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

நான் ஈரம் சொட்ட நடுவில் நின்றேன். ஒரு பக்கம் வெள்ளை. என் வீட்டு மூலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. மறுபக்கம் மஞ்சள், எனக்கு அளவெடுத்ததுபோல.

"மஞ்சள்" என்றேன். தாடிக்காரருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது பக்கத்தில் நின்ற நாய் திரும்பிப் பார்த்தது.

வாங்கியதும் பயம் திரும்ப வந்துவிட்டது. அதற்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். பாடகர் அங்கி தைத்ததில் மிஞ்சிய வெள்ளைத் துணி பன்னிரண்டு மீட்டர் பையில் இருந்தது. நானும் டீச்சரும் பலகையைத் தலை முதல் கால் வரை சுற்றினோம். சுற்றுகிற வேலையை அரைகுறையாக விட எனக்கு மனம் வராது. மூலைகளை மடித்து, கொசுவம் வைத்து, ஊக்கு குத்தி, ஒரு துளி மஞ்சள்கூடத் தெரியாமல் முடித்தேன். வண்டியில் ஏற்றியபோது இரண்டடி பின்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

"செவப்பா என்னமும் தொங்கவிடணும். இல்லன்னா போலீஸ் பிடிப்பான்" என்றாள் டீச்சர். சிவப்புத் துணி இல்லை. கொட்டகை வேலியில் செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. ஒரு கொத்தைப் பறித்துக் கால்மாட்டில் கட்டினோம். எனக்கே அழகாகத் தெரிந்தது.

இப்போது இதை எழுதும்போது, வெள்ளைத் துணி, நீளப் பொட்டலம், பூங்கொத்து என்று வரிசையாக வருவதைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குப் புரியவில்லை. சந்தோஷம் கண்ணைக் கட்டியிருந்தது.

நீட்டிக்கொண்டிருந்த பாரத்துக்காக டீச்சர் மெதுவாக ஓட்டினாள். களியக்காவிளை செக்போஸ்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பாத்துப் போங்கம்மா" என்றார். மார்த்தாண்டத்தில் எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டது. தக்கலை தாண்டி ஒரு டீக்கடை முன்னால் நின்ற நான்கு ஆண்கள் மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். பின்னால் ஏழெட்டு பைக்குகள் முந்தாமல் வரிசையாக வந்தன.

"இன்னைக்கு ரோட்டுல எல்லாவனுக்கும் என்ன மரியாதை!" என்றேன்.

"பொம்பிளை ஓட்டுகால்லா, அதான்" என்றாள் டீச்சர் பெருமையாக.

பிறகு அவள் நான் வெள்ளைப் பலகையோடு முங்கியதை நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகளால் தண்ணீரைத் துழாவினாள். "அறுபத்தெட்டு!" என்று நடுநடுவே கத்தினாள். எனக்கு வயிறு வலித்தது. துப்பட்டாவை முகத்தில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வழியச் சிரித்தேன். எங்கள் ஊர் விலக்கில் வண்டி திரும்பியபோது அப்படித்தான் இருந்தேன். விலக்கில் எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அக்கா குடையோடு நின்றிருக்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு நேரே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான்தான் டீச்சரை நிறுத்தச் சொன்னேன். சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம். எல்லாரும் உள்ளே போய்விட்டால் தெரு காலியாக இருக்கும். பலகையை இறக்கி உள்ளே கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். கால்வாய்க் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் முறுக்கு தின்றோம்.

அப்போது சர்ச் மணி அடித்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று. எங்கள் ஊரில் சாவுக்கு அடிக்கிற மணி அது.

"யாரோ போயிட்டாவ" என்றேன். முறுக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து, அந்தக் குடும்பத்தாரைத் தேற்றும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன். "வீட்டுல இதை வச்சிட்டு உடனே துக்கத்துக்குப் போணும் டீச்சரே. பாவம், யாரோ தெரியல்ல."

எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது தெரு நிறைய ஆட்கள். ஆண்கள் வேட்டியை இறக்கிவிட்டு இரண்டு பக்கமும் நின்றார்கள். பெண்கள் தலையில் முக்காடு போட்டுப் பாட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். ஜெபக்கூட்டம் அப்படியே எழுந்து வந்திருக்கிறது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எங்கள் வீட்டு வாசலில்.

கதவு மூடியிருந்தது.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. காய்ச்சல். நான் காலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன். கடலில் நாலு தடவை விளையாடினேன். கீழே இறங்கினேன். செயலாளர் அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டியே!" என்று அழுதார். அவர் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் ஆவி பிடித்த வியர்வையோடு, கையில் சுக்குக் காப்பி டம்ளரோடு என் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"என்ன இவ்வளவு கூட்டம்?" என்றார்.

ஒருவர் நாற்காலி அடுக்கைக் கீழே போட்டார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் தெருவில் அவர் பக்கத்தில்கூட நடந்ததில்லை, இரண்டடி பின்னால்தான். அன்றைக்கு ஊரே பார்க்க அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சுக்குக் காப்பி இரண்டு பேர் மேலும் கொட்டியது. "ஏ பிள்ளே, சுடுகு, சுடுகு" என்றார். நான் விடவில்லை.

செயலாளர் அக்காவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "அப்பம், சவப்பெட்டியில யாரு?"

எல்லாத் தலையும் வண்டியைப் பார்த்துத் திரும்பியது. அப்போதுதான் நானும் அதை அவர்கள் கண்ணால் பார்த்தேன். வெள்ளைத் துணி. கொசுவம். கால்மாட்டில் பூ. வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டுக்காரர் பார்த்தார், அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்குள்ள பெட்டியா? தையக்காரி பெண்டாட்டியா இருந்துகிட்டு அளவெடுக்காம வாங்கிட்டு வந்திருக்கியே. நான் அஞ்சடி ஆறு அங்குலம்லா!"

யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. டீச்சர் வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். "எங்க கடப்புறத்துல பெட்டின்னா பேண்டு வாத்தியத்தோடதான் வரும். எனக்கு எப்படித் தெரியும்?" என்று என் காதில் முணுமுணுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் ரகசியம் அவளுக்குத் தெரியும். சத்தமாக, "அது ஒண்ணுமில்ல, அக்காவுக்குத் துணி வெட்டுகதுக்கு மேசைப் பலகை" என்றாள்.

நல்ல பொய். நான் தலையை ஆட்டினால் போதும். எல்லாரும் திட்டிவிட்டு, சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பலகை உள்ளே வரும். அதன்மேல் துணி வெட்டுவேன். ஆனால் மேசைப் பலகை என்று ஊர் அறிந்த ஒன்றை எந்தச் சனிக்கிழமை நான் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போவது? ஆயுசு முழுக்க அதன்மேல் ஜாக்கெட் வெட்டவேண்டியதுதான். முழங்காலில் கை விரித்து வந்த அந்த நேரம் நினைவுக்கு வந்தது.

"இல்ல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"இல்ல!" என்று மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எதிர்வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. "அது எனக்க சர்ஃபிங் போர்டு. கடல்ல அலைக்கு மேல எழும்பி நிக்குதுக்கு. நான் பத்து வாரமா படிக்கேன்."

நான் போய் ஊக்குகளைப் பிடுங்கித் துணியை இழுத்தேன். பன்னிரண்டு மீட்டரும் கழன்று விழுந்தது. சாயங்கால வெயிலில் மஞ்சள் பளீரென்று அடித்தது. தெருவில் ஒருவர் "எம்மா!" என்றார்.

செயலாளர் அக்கா கிட்டே வந்தார். "நீயா? சாட்சி சொல்லக் கூப்பிட்டா தண்ணி குடிக்கப் போறவளா அலைக்கு மேல நிக்கப்போறா?"

"இன்னும் நிக்கல்ல அக்கா. முட்டங்கால் வரைக்கும் வந்தாச்சு."

அவர் விரலால் பலகையை அமுக்கினார். "ஏட்டி, மெத்தைபோலல்லா இருக்கு!" அவ்வளவுதான். ஆளாளுக்கு வந்து அமுக்கினார்கள். ஒருத்தி கன்னத்தை வைத்துப் பார்த்தாள். எத்தனை பேர் படுக்கலாம் என்று ஒருவர் கேட்டார். அழுத கண்ணோடு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மணி அடிக்கிறவர் மட்டும் கவலையோடு நின்றார். "அடிச்ச மணிக்கு நான் என்ன சொல்லுகது?" என்றார்.

"எனக்கு முன்கூட்டி அடிச்சதா இருக்கட்டு. அன்னைக்கு அடிக்கண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பாட்டுப் புத்தகத்தோடு வந்தவர்கள் சும்மா போகக்கூடாது என்றார் செயலாளர் அக்கா. எங்கள் ஊரில் புது பைக் வாங்கினாலும் கார் வாங்கினாலும் வாசலில் நிறுத்தி ஜெபம் பண்ணுவது வழக்கம். இதுவும் புது வண்டிதானே என்று முடிவாயிற்று. இறக்கிய நாற்காலிகளைப் போட்டு, நடுவில் பலகையை வைத்து, ஒரு பாட்டுப் பாடினார்கள். அக்கா கையை அதன்மேல் வைத்து, போக்கையும் வரத்தையும் காக்கும்படி ஜெபித்தார். நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; ஆமென் சொல்லவேண்டிய இடம் வரைக்கும் எப்படியோ இழுத்துக்கொண்டு போனார். வண்டி சீட்டுக்கடியில் ஈரத்துணியோடு கிடந்த என் போனைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பதினேழு பேர் கூப்பிட்டிருந்தார்கள்.

பலகை வீட்டுக்குள் திரும்பவே இல்லை. முன்வாசல் கம்பி அழித் தடுப்புக்கு மேலே, தெருவில் போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஆணி அடித்து மாட்டினார் வீட்டுக்காரர். மெஷினுக்குப் பின்னால் அந்த எழுபத்து நான்கு அங்குலம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நான் கடலுக்குப் போனபோது பின்னாலேயே ஒரு வேன் வந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒன்பது பேர், பிளாஸ்க்கும் அவித்த கப்பைக்கிழங்குமாக. "நாங்க சும்மா காத்து வாங்க வந்தோம்" என்றார் செயலாளர் அக்கா. மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே ஒன்பது சேலையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

முதல் தடவை விழுந்தேன். "அய்யோ!" என்று கத்தினார்கள். இரண்டாவது தடவை விழுந்தேன். "போச்சு!" என்றார்கள். ஐந்தாவது தடவை, "ஏட்டி, விழுகதுக்கா இவ்வளவு பெரிய பலகை?" என்று ஒருத்தி கேட்டாள். அது எனக்கே சிரிப்பாக இருந்தது. பத்தாவது தடவைக்குப் பிறகு சத்தம் குறைந்தது. விழுவதை எத்தனை தடவைதான் பார்ப்பது? அவர்கள் கிழங்கு தின்ன ஆரம்பித்தார்கள். பிறகு தூரத்தில் ஒரு வள்ளம் கரை சேர்ந்தது. நெத்தோலி, நெத்தோலி என்று எழுந்து அந்தப் பக்கமாகப் போய்விட்டார்கள்.

எத்தனையாவது அலை என்று எனக்குத் தெரியாது. டீச்சர் பின்னாலிருந்து "இப்பம்!" என்றாள். கையை ஊன்றினேன். முழங்காலைத் தாண்டி ஏதோ ஒன்று நடந்தது. வலது கால் முன்னால் வந்து நின்றது. இடது கால் தானாக இடம் பிடித்தது. நிமிர்ந்தேன். மஞ்சள் எனக்குக் கீழே சறுக்கிக்கொண்டு போகிறது. கரை என்னை நோக்கி வருகிறது. நான் நிற்கிறேன். கடலுக்கு மேல், இரண்டு காலில், நானே.

கரையைப் பார்த்தேன். ஒன்பது பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நெத்தோலிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி!" என்று கத்தினேன். பஸ்ஸில் இறங்குவதற்குக் கூடக் கத்தாத வாய். "ஏட்டி, இஞ்ச பாருங்கட்டி! நான் நிக்கேன்! எக்கா, இஞ்ச பாருங்க!"

அவர்கள் திரும்பினார்கள். செயலாளர் அக்காவின் கையில் மீன் கவர் தொங்கியது. ஒன்பது வாயும் ஒரே நேரத்தில் திறந்ததை நான் பார்த்தேன், அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் கையை உயர்த்தி ஆட்டினேன், ஆட்டியதும் விழுந்தேன்.